இடது ஓரத்தில் உட்கார்ந்தவள்

காலை ஆறு ஐம்பத்திரண்டு. மொட்டை மாடிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மகள். ஓர் அட்டைக் குழலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டு உள்ளே ஊதினாள். சட்டை நுனியை விட்டுத் துடைத்தாள். இடது கண்ணில் வைத்துக் கோபுரத்தின் பக்கம் திரும்பினாள். எடுத்து மறுபடியும் தட்டினாள்.

அது பாட நேரம். எங்கள் வீட்டில் முதல் பாடம் மாடியில் நடக்கும். விளக்குப் போட வேண்டாம், மின்விசிறி வேண்டாம், கீழே சமையலறையில் யார் காலிலும் இடிபட வேண்டாம். மூன்று குழந்தைகளும் எனக்கு முன்பே ஏறிவிடுவார்கள். அன்றைக்கு வேண்டிய அட்டைக் குழல்களை ஓரகத்தி கொடுத்திருந்தார். என் கணவரின் அண்ணன் மனைவி. பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற வேலையை வீட்டிலேயே செய்கிறார். நூல் சுற்றி வரும் குழல்கள் காலியானால் பிள்ளைகளிடம் வரும். ஏகாம்பரநாதர் கோபுரத்தைக் குழல் வழியே முதலில் வலது கண்ணாலும் பிறகு இடது கண்ணாலும் பார்த்து, எத்தனை நிலைகள் தெரிகின்றன என்று சிலேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

“இன்னாடி பண்ற?”

“குழல்ல தூசு இருக்குதும்மா. புகை மாதிரி தெரியுது.”

“பொய்மா,” என்றான் இரட்டையரில் மூத்தவன். “அதே குழல்லதான் நான் பாத்தேன். காக்கா உக்காந்துகினு இருக்கறது கூட தெரிஞ்சுது.”

“எண்ணத் தெரியல, அதான் அக்கா சாக்கு சொல்லுது,” என்றான் இளையவன்.

“உனக்குப் பத்துக்கு மேல எண்ணணும்னா கால் விரலும் வேணும். நீ பேசாதடா.”

வேறு குழல் கொடுத்தேன். அதிலும் தூசு என்றாள். “ஏமாத்தாத,” என்றேன். அதட்டிச் சொல்லவில்லை. சலிப்போடு சொன்னேன்.

பிறகு அறிவியல் புத்தகத்தை எடுத்து, முந்தின நாள் நடத்திய பக்கத்தை விரித்து அவள் முன்னால் பிடித்தேன். என் உள்ளங்கையால் அவள் வலது கண்ணை மூடினேன். படி என்றேன். ஈரத் துணி எப்படிக் காய்கிறது என்ற பாடம். தடங்கல் இல்லாமல் படித்தாள். நிறுத்தற் குறிகளில் நின்று படித்தாள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே நிம்மதியும். சட்டென்று பத்துப் பக்கம் தள்ளி, எலும்புகளைப் பற்றிய பாடத்தைத் திருப்பினேன். அவள் நிறுத்தவில்லை. வெயில், காற்று, கொடியில் துணி என்று அதே குரலில் தொடர்ந்தாள்.

பையன்கள் சிரித்தார்கள். நான் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்கு அடியில் அவள் இமை அடித்துக்கொண்டிருந்தது.

மகளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. பையன்களுக்கு ஒன்பது. பள்ளிக்கூடங்களை மூடி வைத்திருந்த நோய்க்காலத்தில் அவளுக்கு ஐந்து வயது. பாடம் கைபேசியில் வந்தது. வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் ஓரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் என் கணவரோடு போய்விடும். நான் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிகள் திறந்தபோது மூன்று பேரும் வயதுக்கு மேலே படித்திருந்தார்கள். வீட்டிலேயே தொடரலாம், பிற்பாடு தனித்தேர்வு எழுதலாம் என்றேன். தனியார் பள்ளிக்கு மூவரையும் அனுப்ப முடியாது என்பது ஒரு காரணம். தெரு முனையில் இருந்த அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்குக் காரணம் என் கௌரவம். திருமணத்துக்கு முன் சென்னையில் ஒரு நாளிதழில் அச்சுப் பிழை பார்த்தவள், என் பிள்ளைகளுக்கு நானே போதும் என்று நினைத்தேன்.

ஒன்பது பேர் சாப்பிடுகிற வீட்டில் எதையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவதில்லை. அரிசி களைந்த நீர் குழம்புக்கும், வடித்த கஞ்சி சேலைக்கும் போகும். பழைய பாவாடை தலையணை உறையாகும், உறை கிழிந்தால் கரித்துணி. அதே வழக்கத்தில் மூன்று பேரையும் ஒரே வகுப்பாக்கிவிட்டேன். பாடத்துக்கு ஒரு புத்தகம். புத்தகம் நடுவில் இருக்கும், மூவரும் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். கரும்பலகை கிடையாது. இவ்வளவு கிட்டத்தில் உட்காருகிறவர்களுக்கு அது எதற்கு?

மகள் எப்போதும் இடது ஓரம். புத்தகம் அவளுக்கு வலப்பக்கமாக இருக்கும். தம்பிகளில் யாராவது அந்த இடத்தைப் பிடித்தால் சண்டை. ஒருநாள் இடம் மாறி உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று அழுதாள். பிடிவாதம் என்று சொல்லி அன்று மாலை அவளை விளையாட விடவில்லை. வரிசையின் வலது கோடியில் உட்கார்ந்தால் அவளுக்குப் புத்தகம் சரியாகத் தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எல்லோருக்கும் உலகம் ஒரு பக்கம் புகையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

மாடியிலிருந்து இறங்கி ஓரகத்தியிடம் சொன்னேன். கையில் இருந்த முந்தானையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஊசில நூல் கோக்கச் சொன்னா காதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளித் தள்ளிக் குத்துதுமா அது. நானும் பாத்துகினுதான் இருந்தேன்.”

“சொல்லவேயில்லையேக்கா.”

“உன் பொண்ணப் பத்தி உன்கிட்ட யாரு சொல்றது? படிப்புல புலி, வேலைன்னா வணங்காதுன்னு விட்டுட்டேன்.”

அவர் குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்கு மோர் நினைவுக்கு வந்தது. சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றும்போது அவள் கை எப்போதும் டம்ளரின் விளிம்பைத் தாண்டிப் போகும். அரை வாய் மோர் தரையில். எண்ணெய் கூட இரண்டு முறை கொட்டியிருக்கிறாள். எத்தனை முறை கேட்டிருப்பேன்: “கண்ணு எங்க இருக்குது உனக்கு?”

அன்றே அவளைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன், பத்தரை மணிக்கு அழைத்தார்கள். எழுத்துப் பலகையில் ஏழு வரிகள். வலது கண்ணால் ஏழையும் படித்தாள். இடது கண்ணால் மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தை மட்டும். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, மறுபடி பார்த்தார்.

“ரெண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் பொறக்கும்போதே இருந்திருக்கும்மா. மாறுகண் இல்ல, அதனால வெளிய தெரியல. நல்ல கண்ண வச்சே எல்லாத்தையும் சமாளிச்சிருக்கா. மூளை இந்தக் கண்ணக் கழட்டி விட்டுடுச்சு. ஸ்கூல்ல செக் பண்ணலயா?”

“வீட்லதான் படிக்கறா.”

“ஓ.” எழுதிக்கொண்டே கேட்டார். “யாரு சொல்லித் தர்றது?”

“நான்தான்.”

கண்ணாடி போட்டு, தினமும் நான்கு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைக்க வேண்டும் என்றார். இடது கண் வேலை செய்யப் பழக வேண்டும். ஆறு வயதில் வந்திருந்தால் பார்வை அநேகமாக முழுதும் திரும்பியிருக்கும். இப்போதும் வரும். எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. இனி ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

“அடுத்தடுத்து ரெண்டு தடவ ஒரே மாதிரி நின்னுச்சுன்னா அதோட நிறுத்திடலாம். அதுக்கு மேல வராது.”

கண்ணை மூட மருந்துக் கடையில் ஒட்டுத் துணி விற்கும். ஒரு நாள் ஒட்டி மறுநாள் எறிய வேண்டும். கண்ணாடியை வாங்கினேன். ஒட்டுத் துணியை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கறுப்பு ரவிக்கைத் துணியை இரண்டு மடிப்பாக வெட்டி, நோய்க்காலத்து முகக்கவசங்களிலிருந்து உருவி வைத்திருந்த எலாஸ்டிக்கைச் சேர்த்துத் தைத்தேன். துவைத்துத் துவைத்துக் கட்டலாம். நன்றாகவே வந்திருந்தது. ஓரகத்தி கூட வாங்கிப் பார்த்துவிட்டு, “கடைல விக்கலாம் போல,” என்றார்.

“அக்கா ஜட்கா வண்டிக் குதிரை மாதிரி இருக்குது!”

“ஏறுங்கடா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுத்துகினு போறேன்.”

முதல் வாரம் சுவரில் இடித்துக்கொண்டாள். பிறகு சரியானாள். மூன்றாவது வாரம் மோர் சிந்தவில்லை. பெரிய எழுத்துகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள், அடுத்து சிறிய எழுத்துகளையும். பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டில் கடைசிப் பக்கத்தில் நாள்தோறும் ஒரு வரி எழுதி வைத்தேன்: இன்று சிந்தவில்லை. இன்று நூல் கோத்தாள். இன்று அரைப் பக்கம் படித்தாள். இரண்டு மாதம் அப்படி எழுதினேன். கணவரிடம் வாசித்துக் காட்டினேன். மருத்துவரிடம் காட்டவும் எடுத்துப் போனேன்.

இடது கண் அன்றும் முதல் எழுத்தை மட்டுமே படித்தது.

மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “இதக் கட்டிக்கம்மா,” என்று என் துணியை மகளிடம் கொடுத்தார். கட்டிக்கொண்டதும் தன் சுண்டுவிரலை அவள் மூக்கோரமாக உள்ளே விட்டார். விரல் எளிதாகப் போனது.

“யாரு தெச்சது?”

“நான்தான்.”

“சந்து இருக்குது பாருங்க. கண்ணாடி மேல ஏறி நிக்கறதால துணி ஒட்டல. தலையக் கொஞ்சம் திருப்பினாப் போதும், நல்ல கண்ணு வெளிய பாக்கும்.” மகளிடம் குனிந்தார். “பாத்தியா கண்ணு?”

அவள் என்னைப் பார்த்தாள். “ஊத்தறப்ப மட்டும் பாத்தேன். சிந்தினா அம்மா திட்டும்.”

“ஊத்தறப்ப மட்டும்தானா?”

“படிக்கறப்பவும். தம்பிங்க முந்திப் போய்டுவாங்க.”

அழவில்லை. திருட்டைச் சொல்வது போலவும் சொல்லவில்லை. வீட்டு வேலையில் எதை எப்படிச் செய்தாள் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். மருத்துவர் என் நோட்டை மூடித் திருப்பித் தந்தார்.

திரும்பும் வழியில் ஒட்டுத் துணி மூன்று பெட்டி வாங்கினேன். அன்றிலிருந்து நான்கு மணி நேரமும் அவள் வலப்பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கொட்டினாள். இடித்துக்கொண்டாள். ஒரு சொல்லைப் படிக்க ஒரு நிமிடம் ஆனது, பாதியில் அழுதாள். நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்திருக்க வேண்டும். கொட்டிய ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து என் முகத்தைத் தேடினாள். அதுவும் தலையை வலப்பக்கம் நிறைய திருப்பி.

“திட்டிடும்மா,” என்றாள் ஒருநாள். “திட்டாம இருந்தா எப்பத் திட்டுவேன்னு இருக்குது.”

ஓரகத்தி அடுப்பருகிலிருந்து சொன்னார்: “நான் திட்டறேன் வா. மோர இங்க ஊத்து. தரை குடிச்சது போக மீதி எனக்கு.”

அவரிடம் ஊற்றும்போது அவள் சிரித்தாள். என்னிடம் ஊற்றும்போது சிரித்ததில்லை.

பாடம் நின்றுபோனது. பையன்களுக்கு நடத்த என்னால் முடியவில்லை. கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிய பின், “ஜூன்ல மூணு பேரையும் ஸ்கூல்ல போட்டுடலாம்,” என்றார். கேட்பது போலச் சொல்லவில்லை, முடிவாகச் சொன்னார். அரசுப் பள்ளியில் மூவருக்கும் தனித்தனியாகப் புத்தகம் கொடுத்தார்கள். பையன்கள் தங்கள் புத்தகங்களை ஒருவருக்கொருவர் தொட விடவில்லை. மகளை முதல் வரிசையில் உட்கார வைக்கும்படி கேட்டுவிட்டு வந்தேன். வகுப்பாசிரியை, “வருஷா வருஷம் நாங்களே கண் டெஸ்ட் எடுக்கறோம்மா, கவலைப்படாதீங்க,” என்றார்.

ஒட்டுத் துணியைப் பள்ளி விட்டு வந்த பிறகு, நான்கரையிலிருந்து எட்டரை வரை வைத்தோம். ஒரு நாளும் விடவில்லை. ஊரில் திருவிழா வந்த நாளிலும், அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் வைத்தோம்.

அடுத்த சோதனையில் இடது கண்ணால் இரண்டு வரிகள் படித்தாள். மூன்று மாதம் கழித்து மூன்று வரிகள். அதற்கு மூன்று மாதம் கழித்து, சென்ற வியாழக்கிழமை, அடுத்தடுத்து இரண்டாவது தடவையாக அதே மூன்று வரிகள்.