பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது

அடுத்த வாரம் எனக்கு இருதய ஆபரேஷன். நான் வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், இன்று செக்கப்புக்கு என் மனைவி ஜெஸிதான் காரை ஓட்டினாள். ஹைவேயில் அவளுக்கு இதுதான் முதல் தடவை.

கிளம்புமுன் வழக்கம்போல டேஷ்போர்டில் கைவைத்து ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்த வண்டியும் எங்க உயிரும் உம்ம கையில."

வழியில் கழக்கூட்டம் ஜங்ஷனில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. என் வலது கால் தானாகவே கால்மிதியை ஓங்கி மிதித்தது. அடுத்த சிக்னலிலும் மிதித்தேன்.

ஜெஸி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எல்லாத்தையும் ஆண்டவர் கையில குடுத்தாச்சுல்லா? பின்ன அந்தக் காலை மட்டும் எதுக்கு உங்க கூட வச்சிருக்கீங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

உள்ளே டாக்டர், "பேடி உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார். பயமில்லை என்றேன். போன வாரமும் இதைத்தான் சொன்னேன், ஆனால் அன்று அது பொய்.

சபையில் கையைத் தூக்கி ஆராதிக்கும் நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் பக்கத்து சீட்டில் பிரேக் மிதிக்கிறீர்கள்? எங்கே, இப்போது காலைத் தூக்குங்கள் பார்க்கலாம்.