பருப்பு வேகும் தண்ணீர்

ஆட்டுப் பட்டியைக் கூட்டுவது அமலாவின் வேலை. வீட்டில் வேறு யாரிடமும் அவள் அதைக் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆடுகளை அவிழ்த்துத் தெருவோரம் கட்டிவிட்டு, புழுக்கையை ஒரு மூலைக்கு ஒதுக்கி, சித்தாள் வேலைக்குப் போன காலத்தில் மேஸ்திரி கொடுத்த இரும்புப் பாண்டுச் சட்டியில் அள்ளுவாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கழனியில் கொட்டிவிட்டு வந்துதான் காபி.

அதைக் கழனி என்று அவள்தான் முதலில் சொன்னாள். முகையூருக்கு மேற்கே, மாதா கோயிலைத் தாண்டிச் சாலையை விட்டு இறங்கினால் வரும் அந்தப் பரப்புக்கு ஊரில் களர் என்றுதான் பெயர். கோடையில் சுண்ணாம்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். நடுநடுவே கருத்த திட்டுகள், எண்ணெய் சிந்திய மாதிரி. காய்ந்தால் மண்வெட்டி எகிறும். நனைந்தால் சோப்புக்கட்டியை மிதித்தது போல் கால் வழுக்கும். இந்தப் பக்கம் மழை என்பதே ஐப்பசி கார்த்திகையில் கொஞ்ச நாள்தான். அதுவும் களரில் உள்ளே இறங்காது. மேலேயே தேங்கி, டீக்கடையில் கிளாஸ் கழுவிய வாளி போலக் கலங்கியே நிற்கும், தெளியாது. ஒரு சாண் தோண்டிப் பார்த்தால் கீழே மண் ஈரமே படாமல் இருக்கும். அருகம்புல்லும் வேலிக்கருவையும் தவிர எதுவும் நிலைக்காது. தெருவின் ஆடுகளுக்கு அதுவே மேய்ச்சல்.

நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தபோது கொடுக்க மிச்சமிருந்தது அதுதான். அமலாவின் மாமனாருக்கும் அதில் ஒரு துண்டு. அவர் ஒரு வருஷம் கேப்பை விதைத்துப் பார்த்தார். முளைத்தது, நுனி கருகியது, போனது. பட்டாவைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழையபடி அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனார்.

அவர் மகன் அந்தோணிசாமி அமலாவுக்குத் தாய்மாமன்; அவள் கட்டிக்கொண்டதும் அவனைத்தான். திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தான். பண்டிகைக்கும் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் வருவான். வந்தால் ஆடுகளை எண்ணுவான், கறிக்குழம்பு சாப்பிடுவான், போய்விடுவான். மகள் கலைப்பிரியாவைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அமலா பொறுப்பில்தான் நடந்தது. அதற்காக அவன் மேல் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆலை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து மலர்விழி என்கிற அதிகாரி தெருவுக்கு வந்து, களரைத் திருத்த ஜிப்சம் கொடுப்பதாகச் சொன்னபோது கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அமலா வாங்கிக்கொண்டாள். மூட்டை மூட்டையாக வந்திறங்கிய வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்சா, "வெள்ளையா கெடக்குற மண்ணுல வெள்ளையவே கொட்டிக்கினு கீறா. கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாளா இன்னா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அமலாவும் சிரித்தாள்.

முதல் மழை நனைத்த பிறகு வரப்பு போட்டாள். தூளை இறைத்து, டிராக்டர் வைத்து உழுது, மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, பிறகு மடையைத் திறந்து ஓடைக்கு வடித்தாள். மறுபடி மழை, மறுபடி வடிப்பு. நடுவில் தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதாள். புழுக்கை சுமந்தது தனி. இப்படியே வருஷங்கள் போயின. ஒரு கார்த்திகையில் மழை விட்ட மறுநாள், தாழ்வான பாதியில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கியவளுக்குத் தன் கால்விரல்கள் தெரிந்தன. மெட்டி தெரிந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது. மெதுவாக உள்ளே இறங்கவும் செய்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் களர் தாங்குகிற நெல்லை மலர்விழி வாங்கிக் கொடுத்தார். விளைந்தது. சொந்த நெல்லை அவித்துக் காயவைத்தபோது அமலா வாசலை இரண்டு முறை கூடுதலாகப் பெருக்கினாள், அவ்வளவுதான்.

திருந்திய நிலம் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அது மறுபடி களரானால் திரும்பவும் முதலிலிருந்து செய்ய அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. இது அவளுக்குத் தெரியும்.

ஆலையில் புது மெஷின் வந்ததும் பாய்லருக்கு ஆள் தேவைப்படவில்லை. அந்தோணிசாமி ஊருக்கு வந்துவிட்டான். வந்த கொஞ்ச நாள் எங்கே உட்காருவதென்று தெரியாமல் சுற்றினான். அமலா எழுந்ததும் எழுந்து, அவள் கூட்டுவதைப் பார்த்து நின்றான். பிறகு ஒருநாள், கழனிக்குப் போர் போடப் போவதாகச் சொன்னான். தண்ணீர் இருந்தால் இரண்டாம் போகம் வைக்கலாம், மேல்பாதியையும் திருத்தலாம். அவன் நிலத்தைப் பற்றிப் பேசி அமலா கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றாள்.

தண்ணீர் கிடைத்தது. அந்தத் தெருவில் புதுக் கிணறோ போரோ வந்தால் முதல் தண்ணீர் அடுப்புக்குப் போகும். அதில் துவரம்பருப்பைப் போடுவார்கள். பருப்பு குழைந்தால் நல்ல தண்ணீர். எத்தனை விறகு வைத்தாலும் கொட்டை கொட்டையாக நின்றால் உப்புத் தண்ணீர். இதற்கு மேல் பரிசோதனை கிடையாது. உலையேற்றியது அமலாதான். அம்சாவும் இன்னும் நாலு பெண்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்குழாய்த் தண்ணீரில் பாதி நாள் வேகாத பருப்பு இதில் ஒரு கொதிக்கே கரைந்து போனது. அம்சா கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெண்ணெயாட்டம் கீதுடி, பல்லு இல்லாதவளுங்கல்லாம் இனிமே இங்கதான்" என்றாள். அந்தோணிசாமி வாசலில் நின்றுகொண்டு, பாய்லருக்கு இதுமாதிரி ஒரு தண்ணீர் கிடைத்திருந்தால் உள்ளே உப்புப் படியாமல் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும் என்று எல்லோருக்கும் விளக்கினான். தண்ணீர் அவன் விஷயம். அதில் அவனுக்குத் தெரியாதது இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள், அமலா உட்பட.

மோட்டார் கொட்டகைக்கு வெளியே ஒரு குழாய் வைத்தான். தெருப் பெண்கள் குடத்தோடு வரத் தொடங்கினார்கள். அதற்கு அந்தோணித் தண்ணி என்று பெயரும் வந்துவிட்டது. அவன் அங்கேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான். குடங்கள் நிரம்பியதும் வாய்க்காலில் திறந்துவிட்டுக் கழனிக்குப் பாய்ச்சுவான். அமலா அவனைப் பார்த்துக்கொண்டே ஆடு மேய்ப்பாள். ஆள் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தான்.

போர்த் தண்ணீரில் வைத்த முதல் போகம் குறையில்லாமல் வந்தது. அடுத்ததில் மடைக்குப் பக்கத்துப் பயிர் மஞ்சளாகி, வளராமல் நின்றது. பாய்ச்சிய தண்ணீர் இறங்க நேரம் எடுத்தது. களை எடுக்க இறங்கிய அமலாவின் குதிகால் வழுக்கியது. வயசாகிறது என்று நினைத்தாள். அறுப்புக்குப் பிறகு வைகாசியில் ஆடுகள் புல்லை விட்டுவிட்டு வாய்க்கால் ஓரமாகவே போய் நின்றன. ஓட்டப் போனவள் பார்த்தாள். மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. வாய்க்காலின் இரு கரையிலும், மடையிலிருந்து கழனிக்குள் தண்ணீர் ஓடுகிற வழி நெடுக, மெல்லிய வெள்ளை. தண்ணீர் எட்டாத கடைக்கோடியில் மண் பழையபடி பொலபொலவென்று இருந்தது.

ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு பையில் மண்ணும் எடுத்துக்கொண்டு மலர்விழியிடம் போனாள். சில நாள் கழித்து வரச் சொல்லிப் பதில் சொன்னார்கள். தண்ணீரில் சோடா. மண்ணில் இருந்து இத்தனை வருஷமாகத் துரத்தியதைப் போர் திரும்பக் கொண்டுவந்து இறைத்துக்கொண்டிருக்கிறது. அமலா பருப்பைப் பற்றிக் கேட்டாள்.

மலர்விழி சிரிக்கவில்லை. "ஓட்டல்ல சுண்டல் சீக்கிரம் வேக இன்னா போடுறாங்க?"

"சோடா உப்பு."

"உங்க தண்ணியில அது ஊத்துலயே இருக்குதும்மா. அதனாலதான் பருப்பு கரையுது. பருப்பை எது கரைக்குதோ அதுதான் மண்ணைக் கெடுக்குது."

குடிக்கவும் சமைக்கவும் அது சரியா என்பதை வேறு இடத்தில் பரிசோதிக்க வேண்டும். தான் சொல்வது மண்ணுக்கு மட்டும் என்றார் அவர். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஜிப்சம் போட்டுக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது. மழையை நம்பி ஒரு போகம், அதோடு நிறுத்திக்கொண்டால் கழனி பிழைக்கும். பஸ்ஸில் வரும்போது அமலா காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மண்ணுக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்தோணிசாமி கூடத்தில் புதுப் பைப்புகளைப் பரப்பி, பசை தடவி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தான். மேல்பாதிக்குத் தண்ணீர் ஏற்ற. இந்தப் பட்டத்தில் நாற்று விட்டுவிடலாம் என்று நிமிராமலே சொன்னான். அமலா சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பாய்லர்ல எத்தினி தண்ணி பாத்தவன் நான்," என்றான் பிறகு. "இந்தத் தண்ணியில ஒரு உப்புப் பொறுக்கு கட்டாது."

"பாய்லரு இரும்பு மாமா. இது மண்ணு."

"நீயுந்தான பருப்பு போட்ட?"

"நான்தான் போட்டேன். நானும்தான் ஏமாந்தேன். இப்ப அத்த வச்சுக்கினு பேசுனா மண்ணு திரும்புமா?"

அவன் பசை டப்பாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை; திறந்து மறுபடி மூடினான். ஆபீசில் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றான். ஒரு போகம் வந்ததே என்றான். வைத்த பயிர் எல்லோருக்கும்தான் மஞ்சளாகிறது என்றான். அமலா ஒன்றுக்கும் வாதாடவில்லை. வாய்க்காலோரம் ஆடு நக்குகிற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். பார்த்துவிட்டதாகச் சொன்னான். எப்போது என்று கேட்டாள். போன வாரமே என்றான்.



"தெருவுக்குக் குடத்துல விடு. வேணாங்கல," என்றாள் அமலா. "கழனிக்கு இனிமே ஒரு சொட்டு வேணாம்."

"மழை பேஞ்சாதான் பயிருன்னா, அது நீ ஒருத்தியே பாத்துக்குற வேலை. இத்தினி வருசம் பாத்துக்கினுதான இருந்த." அவன் குரல் உயரவில்லை. "அப்ப நான் இங்க இன்னாத்துக்கு வந்தேன், அமலா?"

அவள் எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வாய்க்கால் மடையை மண் போட்டு அடைக்க மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தரையில் கிடந்த பைப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே போனாள்.