தூள் பொதியும் தங்கச்சியின் நுண்பைகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் மிளகாய்த்தூளுக்கு வறுத்தால் மேல்மாடி வரை தும்மல் கேட்கும். லண்டனில் இருக்கும் தங்கச்சிக்காக அம்மா வறுப்பார். அரைப்பிக்க ஓடுவதும், பொதி கட்டுவதும், அந்தப் பக்கம் பயணம் போகிற தெரிந்தவர்களைத் தேடிப்பிடிப்பதும் நான்.

இருவரும் உயிரியல்தான் படித்தோம். அம்மாவோடு ஒருவர் இருக்க வேண்டுமென்று நான் நின்றுவிட்டேன். பம்பலப்பிட்டியில் டியூஷன் கொடுக்கிறேன். அவள் போய் ஆராய்ச்சி செய்கிறாள். நம் உடலின் கலங்கள், அதாவது செல்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை வெளிவிடுகின்றன. அவற்றுக்குள் மருந்தை ஏற்றி, நோயுற்ற கலங்களைத் தேடிப் போகும்படி மேற்பரப்பை மாற்றுவது அவள் வேலை. அதைப் பற்றி வரும் கட்டுரைகளையெல்லாம் களவாக வாசிக்கிறேன். வாசிக்க வாசிக்க வயிறு எரியும். விடவும் முடிவதில்லை.

ஒருநாள் அழைத்தாள். ஆராய்ச்சியை மூன்று நிமிடத்தில் சாதாரண ஆட்களுக்கு விளக்கும் போட்டியாம்.

"அக்கா, எப்பிடிச் சொன்னாலும் சனத்துக்கு விளங்குதில்லை. ஒரு ஐடியா தாங்கோவன்."

நான் அப்போது தூள் பொதிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியாத ஆள் பார்சல் கொண்டுவந்தால் கதவு திறப்பியே? எங்கட ஆள் எண்டால் கேள்வியில்லாமல் உள்ள விடுவாய். நுண்பை உடம்புக்கு எங்கட ஆள். உள்ளுக்க இருக்கிற தூள்தான் மருந்து. மேல ஒட்டின விலாசத்தைப் பாத்துச் சரியான வீட்டுக்குப் போகும். இதைச் சொல்லு."

சொன்னாள். முதற்பரிசு.

வீடியோ வந்தது. கந்தோர் வேலையில் இங்கிலீசோடு காலம் தள்ளிய அம்மா ஒரு சொல் விடாமல் பார்த்தார். "கொழும்பிலிருந்து என் அம்மா தூள் கட்டி அனுப்புவார்" என்று தங்கச்சி தொடங்கியதுமே கண்ணைத் துடைத்தார். அம்மா கட்டி அனுப்புவாராம்! அந்தப் பொதிகளின் டேப் முழுவதும் நான் பல்லால் கடித்துக் கிழித்தது.

"எவ்வளவு வடிவாச் சொல்றாள் பார். நீயும்தான் இவ்வளவு காலமாப் படிப்பிக்கிறாய், உனக்கு இப்பிடி ஒரு கதை வருமே?"

முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை. வாய்வரை வந்ததை விழுங்கினேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. நான் சொல்லிக்கொடுத்தது என்றால் அம்மா நம்பமாட்டார், எரிச்சலில் கதைக்கிறேன் என்பார். எரிச்சல் இருந்ததும் உண்மைதானே.

"வராதம்மா," என்றேன்.

"சரி, வெள்ளிக்கிழமை ஆரோ லண்டன் போகினமாம். தூளைக் கட்டு. பிள்ளை நல்லாக் களைச்சிருப்பாள்."

கட்டினேன். டேப்பைக் கடிக்கும்போது கண் கலங்கியது. தூள் பட்டுவிட்டதென்று அம்மாவிடம் சொன்னேன். அதை உடனே நம்பினார்.