சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தவள்

தொப்...

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் தொப்.

பெங்களூர் மர்பி டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆனால் விடிந்தும் விடியாமலும் கேட்கும் அந்தத் தொப் மட்டும் என்னவென்று புரியவேயில்லை. கால் சென்டர் ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருப்பேன்.

துணி துவைக்கிறார்களா? மூட்டை இறக்குகிறார்களா? யாராவது யாரையாவது அடிக்கிறார்களா? மண்டை குடைந்தது. ஒருநாள் உறைமோர் கேட்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன்.

விமலா அக்காவின் மகள் சுகந்தி நடு வீட்டில் நின்றபடி, வேண்டுமென்றே கீழே விழுந்துகொண்டிருந்தாள். எழுந்தாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், மறுபடி விழுந்தாள்.

"என்ன சுகந்தி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"டான்ஸுக்கா. கண்டெம்பரரி. இதுல விழறதும் ஒரு ஸ்டெப்பு."

விமலா அக்காவுக்கு ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "கேட்டுக்கோம்மா. ஊர்ல எல்லாரும் விழாம இருக்கப் பாடுபடறாங்க. இவ விழறதுக்கு கிளாஸுக்குப் போறா."

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு பேச்சு இருந்தது. ஒரு டான்ஸ் குரூப்பில் செலக்‌ஷன் வருகிறது. எடுத்தால் ஆடலாம். எடுக்காவிட்டால் கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடையில் சொல்லி வைத்திருக்கிற வேலைக்குப் போய்விட வேண்டும், டான்ஸ் பேச்சையே எடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனாலும் கோபம் வரவில்லை. அவளைக் கேள்வி கேட்டே துளைப்பேன். முதலில் எது தரையில் படும்? அடிபடாதா? பயமாக இருக்காதா?

"எலும்பு படக்கூடாதுக்கா, சதைதான் படணும். மூச்ச விட்டுக்கிட்டே எறங்கணும். எனக்கு இன்னும் வரல."

செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை... சத்தம் இருந்தபோது வராத தூக்கம், இல்லாதபோதும் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"ஏன் சுகந்தி, விட்டுட்டியா? துணிக்கடைக்கே போகப் போறியா?"

அவள் சிரித்தாள். "கொஞ்சம் அந்தச் சுவரப் பாத்து நில்லுங்கக்கா."

நின்றேன். வெளியே குழாயடியில் குடம் உருளும் சத்தம், தூரத்தில் ஒரு ஆட்டோ. வேறு ஒன்றுமில்லை.

"ம், ஆரம்பி" என்றேன்.

"முடிஞ்சிடுச்சுக்கா."

குரல் தரையிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் மல்லாந்து கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செலக்‌ஷனில் எடுத்தார்கள். அப்புறம் நடந்தது உங்களில் நிறைய பேருக்குத் தெரியும்... வெளிநாட்டு மேடைகள், பேட்டிகள், மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஆளுயரப் போஸ்டர்.

நான் இப்போது லிங்கராஜபுரத்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். நல்ல கெட்டிச் சுவர். பக்கத்து வீட்டில் யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள், எதுவும் தெரியாது. உறைமோர் கேட்டுப் போகவும் கூச்சமாக இருக்கிறது. பாக்கெட் தயிர் வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் சுகந்தியின் ஷோ பெங்களூரில் நடந்தது. டிக்கெட் அனுப்பியிருந்தாள். விமலா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடி வந்தவள் நின்ற நிலையில் அப்படியே சாய்ந்தாள். முன்வரிசையில் யாரோ பதறி எழுந்தேவிட்டார்.

விமலா அக்கா மட்டும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா, பாக்கலையா?"

"இரும்மா, சத்தம் வருதான்னு கேக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். ஈரமாக இருந்தது.

"வரல" என்றார்.