பெயர் வெட்டிய குடம்

கொட்டாரத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். டீக்கடைச் சுவரில் பழைய தேர்தல் சின்னம் ஒன்று வெளுத்துக் கிடக்கிறது. கடைக்காரர் டீ ஆற்றியபடியே அதைக் காட்டுகிறார்.

"இந்தச் சின்னத்துல ஜெயிச்சவன் ஓட்டுக்காக வீடுவீடா எவர்சில்வர் குடம் குடுத்தான். தோத்தவன் கேஸு போட்டான். நான் சாட்சி. எங்க குடத்தையும் கோர்ட்டுல வாங்கி வச்சாவ."

"தீர்ப்பு என்னாச்சு அண்ணாச்சி?"

"அதுக்குள்ள அடுத்த எலக்சன் வந்துட்டு. கேஸு அப்படியே முடிஞ்சுபோச்சு."

"குடம்?"

"வரல்ல. கிடைச்ச அன்னைக்கே எங்க வீட்டுக்காரி அதுல தன் பேரை வெட்டிட்டு வந்தா. குடம் எங்கன்னு தினமும் எங்கிட்ட சண்டை."

எங்கள் வீட்டில் தூக்குவாளி, கரண்டி எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் இருந்தது நினைவுக்கு வருகிறது.

அவர் டீயை நீட்டுகிறார்.

"இப்பம் சண்டை போட அவ இல்ல சார். பேரு மட்டும் கோர்ட்டுல கெடக்கு."