காலிப் பெட்டிக்கு வைத்த கட்டை

போன ஐப்பசியில், போடி ரயில் நிலையத்தில் நடந்தது இது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நான் ஜீப் ஓட்டுகிறவன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறி இறங்குவேன். சரிவில் வண்டியை நிறுத்தும்போது டயருக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது அதை நடுரோட்டிலேயே விட்டுப்போகிற டிரைவர்கள் உண்டு. அவர்களைக் கண்டபடி திட்டுவேன். நான் எப்போதும் மரக்கட்டைதான் வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அன்று காலை தங்கச்சியை மதுரை ரயிலில் ஏற்றிவிட வந்திருந்தேன். முந்தின நாள்தான் என் கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. ரயில் போனதும் பார்த்தால், ஓரத்துத் தண்டவாளத்தில் எஞ்சின் இல்லாமல் காலிப் பெட்டிகள் நின்றன. ஒரு சக்கரத்தடியில் ஆப்பு மாதிரி சீவிய அருமையான கட்டை. கொண்டை ஊசி வளைவுகளிலேயே புழங்குகிற எனக்கு அந்த இடம் விரித்த பாய் போலத் தெரிந்தது. இங்கே எதற்குக் கட்டை, சும்மா சம்பிரதாயத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காலால் தட்டினேன், கழன்றது. ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் தங்கச்சியைக் கூட்டிப்போக வந்தபோது, ஒரு ரயில்வே ஊழியப் பெண் அந்தப் பெட்டிகளின் சக்கரம் சக்கரமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். என் தங்கச்சி வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு அதிகாரி.

"என் கையால வச்சேன் சார்."

"வச்ச கட்டை எந்திரிச்சு நடந்து போயிருச்சாம்மா? எழுதிக் குடு."

ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஜீப்புக்கு ஓடிப்போய் கட்டையின் மேல் சாக்கை இழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்து என்னிடமே கேட்டார். "அண்ணே, இங்கிட்டு யாராச்சும் மரக்கட்டையத் தூக்கிட்டுப் போனதப் பாத்தீங்களா?"

"இல்லையேம்மா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "தட்டையாக் கெடக்குற எடத்துல பெட்டி எங்கிட்டும்மா ஓடப்போகுது?" என்று வேறு கேட்டேன்.

"உங்க கண்ணுக்குத்தாண்ணே தட்டை. தேனிப் பக்கம் எறக்கம். எஞ்சினக் கழட்டுனா பிரேக்குல இருக்குற காத்து கொஞ்சங் கொஞ்சமா எறங்கிரும். அப்புறம் லேசா அசஞ்சாப் போதும், ஆளில்லாமப் போய்க்கிட்டே இருக்கும். ரயில்வே கேட்டுல பள்ளிக்கூடப் பிள்ளைக நிக்கும்ல. வேற கட்டை வர்ற வரைக்கும் நான் அங்கனயேதான் நிக்கணும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சாக்கை விலக்கிக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நீட்டினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அதில் படிந்திருந்த என் ஜீப்பின் டயர் தடத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "கொண்டாங்க" என்றார், அவ்வளவுதான். சக்கரத்தடியில் வைத்து இறுக அடித்துவிட்டு, "நீங்களே ஒருதடவ ஆட்டிப் பாத்துக்கங்கண்ணே" என்றார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் அந்த அதிகாரியைத் தேடிப்போய், எடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் அன்று சிரித்தவர்கள் யாரும் அதைக் கேட்க அங்கே இல்லை.

இப்போதும் மலையில் நடுரோட்டில் கல் கிடக்கிறது. இறங்கி ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். விட்டுப்போனவனைத் திட்ட வாயெடுத்தால், "இல்லையேம்மா" என்று சொன்ன என் குரல்தான் முதலில் எனக்குக் கேட்கிறது.