சார்ஜ் லைட் விற்ற காலத்து நாடு

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரண்டு மாடிக் கடை என் பெயரில் இருக்கிறது. நடைபாதையில் டோர்ச் லைட் விற்றுத் தொடங்கியவன் நான். எவரும் கைதூக்கி விடவில்லை.

கரண்ட் மணிக்கணக்காக நின்ற அந்த வருடம் ஊரே அழுதது. என் கடையில் சார்ஜ் லைட் வாங்கச் சனம் வாசலைத் தாண்டி நின்றது. எனக்குச் சாமான் ஏற்றி வரும் முகத்துவாரத்து ஓட்டோக்காரன் பெற்றோல் வரிசையிலேயே குடியிருந்தான்.

"நாடு படுத்திட்டுது முதலாளி."

"எங்க படுத்தது? என்ட கடையைப் பார்த்திட்டுக் கதை."

பிறகு கரண்ட் ஒழுங்காக வந்தது. லைட் பெட்டிகள் கூரை வரை தூசி பிடித்து நின்றன. தேர்தல் நெருங்க, நாடு குட்டிச்சுவராகிவிட்டது என்று தேநீர்க் கடையில் அடித்துச் சொன்னேன். மனைவி வேறு கதை வைத்திருந்தாள்.

"கடையைக் கேட்டு நடக்கிற அந்த ஃபோன் கடைக்காரனுக்கு வாடகைக்குக் குடுத்திட்டு வீட்டில இருங்கோ. வயசென்ன குறையுதா?"

"நான் இருக்கும் மட்டும் அந்த ஷட்டரை நான்தான் தூக்குவன்."

மீதி லைட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடை நிறைய ஃபேன் இறக்கினேன். ஒரு கிழமையாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வாக்களிக்க அந்த முகத்துவாரத்தானுடைய ஓட்டோவில்தான் போனேன். வழி முழுக்க வாக்குவாதம்.

"இப்ப பரவாயில்லை முதலாளி. நாள் முழுக்க ஓடுறன்."

"உனக்குப் பெற்றோல் கிடைச்சா நாடு நல்லாயிட்டுதா?"

"உங்களுக்கு லைட் வித்த நேரம் நல்லாத்தானே இருந்துது. அண்டைக்கு நான் கோவிச்சனா?"

பதில் என்னிடம் இருந்தது. அதற்குள் வாக்களிப்பு நிலையம் வந்துவிட்டது. அவன் ஆளுங்கட்சிக்குப் போட்டான், நான் எதிர்த்துப் போட்டேன். இரண்டு பேர் விரலிலும் ஒரே மை.

என்னைக் கடையில் இறக்கிவிட்டவன் போகவில்லை. உள்ளே வந்து ஃபேன்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வீட்டுக்காரி எத்தினை நாளாக் கேக்கிறாள். இப்பதான் கையில கொஞ்சம் சல்லி நிக்குது. அந்தப் பெரிசை எடுங்கோ. விலையைப் பார்த்துப் போடுங்கோ."

"குறைக்க மாட்டன்."

குறைக்கவுமில்லை. அவன் ஃபேனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டு, அவனுடைய தெருக்காரர் இருவர் பொழுது சாயுமுன் வந்து ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

அடுத்த நாள் காலை, முடிவு வருமுன்பே, நாடு மெல்லத் தெளிகிறது என்று தேநீர்க் கடையில் சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாட்டை என் கடை வாசலில் நின்று பார்க்காமல் வேறெங்கே நின்று பார்ப்பது? வீட்டுக்கு வந்து ஷட்டர் சாவியை மடியில் செருகிக்கொண்டு மனைவியிடம் சொன்னேன்:

"ஃபோன் கடைக்காரனை வேற இடம் பார்க்கச் சொல்லு."